பின்னோக்கி நடந்தவர்கள்

கயிறு திரிப்பவன் பின்னோக்கி நடந்தே பிழைப்பு நடத்துகிறான். சீவிய நாரை இடுப்பிலே சுற்றி, அதன் நுனியைச் சுழலும் கொக்கியில் மாட்டி, விரல்களால் சிறிது சிறிதாக நாரை விட்டபடி அவன் பின்னே பின்னே செல்லுகிறான். சக்கரத்தைச் சுழற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். இவ்வாறு முறுக்கிய இழைகள் பல சேர்ந்து ஒரு புரியாகின்றன. மூன்று புரிகள் எதிர்த் திசையிலே முறுக்கப்பட்டுக் கயிறாகின்றன. ஒரு முறுக்கு அவிழ முயலும்போது மற்றது அதனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பருத்தியாயினும் தும்பாயினும் முறை இதுவே. நீண்டதொரு ஒழுங்கையும் சில மரக் கருவிகளும் இருந்தாற் போதும். சொந்த நிலம் வேண்டியதில்லை. இக் கடைசிச் செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக.

பிரான்சின் மேற்குக் கடலோரத்திலே பிரித்தனி என்றொரு பிரதேசம் உண்டு. (பிரித்தானியாவோடு மயங்குதல் வேண்டா.) அங்கே மத்திய காலத்தின் இறுதியில், ஊருக்குப் புறம்பே தனிக் குடியிருப்புகளில் வைக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தார் இருந்தனர். கக்கே என்று அவர்களை அழைத்தனர். மொழியிலும் மதத்திலும் அவர்களுக்கும் அயலாருக்கும் வேற்றுமை கிடையாது. ஆயினும் 1436இல் திரேகியே நகரத்து மேற்றிராணியார், அவர்கள் தேவாலயத்தின் பின்பகுதியிலேயே நிற்க வேண்டும் என்று விதித்தார். இறந்த பின்னரும் அவர்களுக்குத் தனி மயானமே. தேர்வடத்தைத் தொடும் உரிமை யாருக்கு என்று வழக்காடிய ஊர்களிற் பிறந்த நமக்கு இதனை விளக்க வேண்டுமா?

அவர்களுடைய தொழில் கயிறு திரித்தல். அதனை அவர்களாக விரும்பித் தெரிந்துகொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 1475இல் பிரித்தனியின் கோமகன் இரண்டாம் பிரான்சுவா பிறப்பித்த கட்டளையைப் பாருங்கள். கக்கேகள் தம் ஆடையிலே சிவப்புத் துணித் துண்டொன்றைத் தைத்துக்கொண்டே வெளியே வரவேண்டும். நூலும் நார்ச் சணலும் தவிர வேறெதிலும் வியாபாரம் செய்யலாகாது. தம் வீட்டுத் தோட்டத்துக்கு அப்பால் நிலம் பயிரிடலாகாது. நிலத்தை மறுத்தபின் நிலம் வேண்டாத தொழிலைத் தவிர வேறென்ன மிஞ்சும்? அக் கட்டளையும் நெடுநாள் அப்படியே நிற்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1477இல், அயல் நிலங்களை மூன்றாண்டுக் குத்தகைக்கு எடுக்கலாமென்று கோமகனே அதனைத் தளர்த்த நேர்ந்தது. சட்டம் போட்டவனுக்கும் பட்டினியின் சத்தம் எட்டியிருக்க வேண்டும்.

ஊருக்கு அவர்கள் வேண்டாம். அவர்கள் திரித்த கயிறு வேண்டும். மாட்டுக்குத் தலைக்கயிறு, வண்டிச் சுமைக்குக் கட்டுக்கயிறு, கிணற்றுக்கு வாளிக்கயிறு, மீனவனுக்கு வலைக்கயிறு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தடிப்பும் நீளமும் முறுக்கும் உண்டு. கேட்பவனின் தேவையறிந்து திரித்துக் கொடுப்பதே கைவேலையின் சிறப்பு. கயிறு திரிப்போர் வேறெவரும் இல்லாத ஊரிலே தேவாலய மணிக்குக் கயிறு எங்கிருந்து வந்திருக்கும்? அக் கயிற்றின் ஓசைக்கு வந்தவன்தான் அதனைத் திரித்தவனைக் கதவோரத்தில் நிறுத்தினான்.

இதற்குக் கற்பிக்கப்பட்ட காரணம் தொழுநோய். அவர்களின் முன்னோர் நோயாளர், ஆகையால் இரத்தமே தீட்டு என்றனர். தென்மேற்குப் பிரான்சில் இவர்களைப் போலவே ஒதுக்கப்பட்ட காகோக்கள் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தச்சர். 1600இல் துலூஸ் நகரத்து மருத்துவர்கள் அவர்களுள் 22 பேரைச் சோதித்து, எந்த நோயும் இல்லை எனச் சான்று கூறினர். அச் சான்றினால் யாருடைய கதவும் திறக்கவில்லை. நோய் பொய்யென நிறுவப்பட்ட பின்னும் வழக்கம் நின்றது. ஆகவே தீட்டின் வேர் உடலில் இல்லை. நிலம் யார் கையில் என்பதிலேதான் அதனைத் தேடவேண்டும் என்பது என் துணிபு.

இதே பதினேழாம் நூற்றாண்டில் கயிறு அரச காரியமாயிற்று. பிரான்சின் கடற்படையைப் பெருக்க முனைந்த மந்திரி கொல்பேர், 1666இல், பிரித்தனிக்குத் தெற்கேயுள்ள ரோஷ்போரில் அரச கயிற்றுச்சாலையைத் தொடங்கினார். அதன் நீளம் 374 மீற்றர்! அரசன் பெயராலே திரித்தால் அதே வேலைக்கு மாளிகை எழுகிறது. அந் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் ரென் நகரத்து உயர் நீதிமன்றம் கக்கேகளை இழிவுபடுத்தும் வழக்கங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1789இன் புரட்சி எல்லோரையும் சட்டத்தின் முன் சமமாக்கிற்று.

ஆனால் 1847இல் பிரான்சிஸ்க் மிஷேல் என்னும் அறிஞர் இம் மக்களின் வரலாற்றை நூலாக வெளியிட்ட போதும், பிரித்தனியின் கிராமங்களிலே கயிறு திரிப்பவனைப் பழைய பெயரால் ஏசுவது நிற்கவில்லை. அவன் வீட்டிலே பெண் கொள்ளவும் பலர் தயங்கினர்.