யூனியன் தீயணைப்புச் சங்கம்

யூனியன் தீயணைப்புச் சங்கம், வட அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1736 டிசம்பர் 7 அன்று தொடங்கப்பட்ட தன்னார்வ அமைப்பு. அச்சகம் நடத்தி இதழும் வெளியிட்டுவந்த பெஞ்சமின் பிராங்க்ளின் இதை அமைப்பதில் முன்னின்றார்.

பின்னணி

அக்காலத்தில் பிலடெல்பியா, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பென்சில்வேனியாவின் துறைமுக ஊர். 1730இல் படகுத்துறையில் மூண்ட தீ கிடங்குகளை அழித்தது. 1735 பிப்ரவரியில் பிராங்க்ளின் தமது ‘பென்சில்வேனியா கெசட்’ இதழில், முதியவர் ஒருவரின் கடிதம் என்ற பாவனையில் தீத்தடுப்பு பற்றி எழுதினார். தணலை மூடாமல் அறைக்கு அறை அள்ளிச் செல்லும் வழக்கத்தைக் கண்டித்தார். புகைபோக்கி துப்புரவாளர்களுக்கு உரிமம் வேண்டும் என்றார். பாஸ்டன் நகரில் இயங்கிய தீயணைப்புச் சங்கத்தை முன்மாதிரியாகக் காட்டினார்.

விதிகள்

ஒவ்வோர் உறுப்பினரும் சொந்தச் செலவில் இரண்டு தோல் வாளிகளும், வாயில் சுருக்குக் கயிறு கோத்த நான்கு துணிப்பைகளும் வைத்திருக்க வேண்டும். வாளி தண்ணீருக்கு; பை, எரியும் வீட்டிலிருந்து பொருள்களை மீட்பதற்கு. வாளியோ பையோ குறைந்தால் அபராதம் உண்டு. இரவில் ‘தீ’ என்ற கூக்குரல் கேட்டதும் சன்னல்களில் விளக்கேற்ற வேண்டும். திருட்டைத் தடுக்க, தீப்பிடித்த வீட்டு வாசலில் இருவர் காவல் நிற்க வேண்டும். கூட்டத்துக்கு வராதவர்களிடம் வசூலான அபராதம் பின்னாளில் தீயணைப்பு எந்திரங்கள், ஏணிகள், கொக்கிகள் வாங்கப் பயன்பட்டதாகப் பிராங்க்ளின் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார்.

பரவல்

தொடக்கத்தில் இது உறுப்பினர்கள் ஒருவர் உடைமையை ஒருவர் காப்பதற்கான ஏற்பாடாகவே இருந்தது. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால், சேர விரும்பிய மற்றவர்களிடம் தனிச் சங்கம் தொடங்குமாறு கூறினர். இவ்வாறு 1738இல் ஃபெல்லோஷிப், 1742இல் ஹேண்ட்-இன்-ஹேண்ட் முதலிய சங்கங்கள் தோன்றின. காலப்போக்கில் சொத்துடையோரில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு சங்கத்தில் இடம்பெற்றனர். ஊர் முழுவதற்குமான பாதுகாப்பு இப்படித்தான் உருவாயிற்று. தீயால் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய, பிராங்க்ளினும் சங்கத்தினரும் முன்னின்று 1752இல் ‘பிலடெல்பியா கான்ட்ரிபியூஷன்ஷிப்’ என்ற காப்பீட்டு நிறுவனத்தை நிறுவினர்.

பிற்காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரின் தன்னார்வச் சங்கங்கள் பெருகின. அவற்றிடையே போட்டி முற்றித் தெருச்சண்டைகளும் நடந்தன. 1871 மார்ச்சில், சம்பளம் பெறும் பணியாளர்களைக் கொண்ட நகரத் தீயணைப்புத் துறை பிலடெல்பியாவில் இயங்கத் தொடங்கியது.