தானாகப் பாய்ந்த கார்



இன்ன கார் தானாகவே பாய்கிறதாம், இன்ன காரில் பிறேக் பிடிக்காதாம் என்று நம் வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி செய்தி வருகிறது. விசாரிக்காமலே அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். அவுடி 5000 காருக்கு நடந்ததை நாம் அறிந்திருப்பது நல்லது.

1986 நவம்பரில் அமெரிக்காவின் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்த ஜேர்மன் காரைப் பற்றிப் பேசியது. பிறேக்கில் கால் இருக்கும்போதே கார் சீறிப் பாய்ந்தது என்றார்கள் சாரதிகள். தான் ஓட்டிய கார் மோதித் தன் பிள்ளையையே இழந்த ஒரு தாயும் பேசினார். அதைப் பார்த்த பிறகு யார் அந்தக் காரை வாங்குவார்? அக்ஸிலேட்டர் பெடல் தானாகக் கீழிறங்குவதையும் காட்டினார்கள். அதற்காகக் கியர்பெட்டியில் துளையிட்டு, அழுத்திய காற்றை உள்ளே செலுத்தியிருந்ததை மட்டும் காட்டவில்லை.

1985இல் அமெரிக்காவில் சுமார் 74,000 அவுடி கார்கள் விற்றன. 1991இல் விற்றது சுமார் 12,000.

1989இல் அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் விசாரணை முடிவை வெளியிட்டது. பெரும்பாலான சம்பவங்களில் சாரதியின் கால் பிறேக்குக்குப் பதிலாக அக்ஸிலேட்டரில் இருந்திருக்கிறது. கார் நகர்ந்ததும் பதறி இன்னும் அழுத்துகிறார். தான் மிதிப்பது பிறேக் என்றே உறுதியாக நம்புகிறார். அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்ன காரணம் சரியல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதை ஏற்க நமக்குக் கஷ்டம்தான்.

காரின் மீது குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பெடல்கள் அமைந்திருந்த விதமும், எஞ்சின் சிலவேளை திடீரென வேகம் கூடியதும் சாரதிகளைத் தடுமாற வைத்தன. பிறேக்கை மிதித்தால் மட்டுமே ‘பி’யிலிருந்து கியர் நகரும்படி 1987இல் ஒரு பூட்டை அவுடி பொருத்தத் தொடங்கியது. இன்று நம் ஒட்டோ கார்களிலும் அது இருக்கிறது. பயத்தால் விளைந்த நன்மை என்று அதைச் சொல்லலாம்.

நம் நாட்டு வீதிகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோரைக் கொன்றது தொழிற்சாலைக் கோளாறல்ல. வேகமும் கவனயீனமும் தூக்கக் கலக்கமும்தான். அதைப் பற்றி எந்தக் குழுவிலும் பரபரப்பு இல்லை.

அதற்காக எல்லாக் கோளாறும் வதந்தி என்று தள்ளிவிடவும் கூடாது. ஜப்பானின் தக்காட்டா எயார்பேக் விவகாரம் நூற்றுக்கு நூறு உண்மை. அதிலிருந்த அமோனியம் நைத்திரேற்று வெப்பத்திலும் ஈரப்பதனிலும் ஆண்டுக்கணக்கில் கெட்டுப்போய், எயார்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது, உயிர்கள் போயின. நம் காலநிலையும் அப்படிப்பட்டதே. 2000க்கும் 2015க்கும் இடையில் செய்த ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள், செஸி இலக்கத்தைக் கொடுத்து அந்தக் கம்பனியின் முகவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.