சுமைதாங்கியும் திண்ணையும்: அல்சூரிலிருந்து பொது இருக்கையின் வரலாறு

நடைபாதைகளுக்கென, பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பொருத்தத்தக்க, நெடுங்காலம் உழைக்கும் இருக்கைகளை வடிவமைப்பது இன்று கட்டடக்கலை மாணவர்களின் விருப்பப் பாடங்களுள் ஒன்று. இதன் வரலாற்றை ஐரோப்பியப் பூங்காவின் இரும்பு நாற்காலியிலிருந்து தொடங்குவது வழக்கம். அல்சூரிலிருந்து தொடங்கினால் வேறொரு வரலாறு புலப்படும்.

சோமேசுவரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த அல்சூர், பெங்களூரின் படைமுகாமினும் மூத்த ஊர். 1809ஆம் ஆண்டளவில் ‘தண்டு’ எனப்பட்ட அம்முகாம் அமைந்தபின், தமிழ் பேசும் வணிகரும் கைவினைஞரும் கூலித் தொழிலாளரும் இங்குப் பெருகினர். தெருவை நோக்கிய திண்ணையை அவர்கள் அறிவர். கன்னடத்தில் அது ‘ஜகலி’. உரிமையால் அது வீட்டின் பகுதி; பயன்பாட்டால் தெருவின் பகுதி.

திண்ணை ஊருக்குள் இருப்பது. ஊர்களுக்கு இடைப்பட்ட பெருவழிகளில் தமிழகத்தார் நிறுவியது சுமைதாங்கி. நட்ட கற்கள் இரண்டு, அவற்றின்மேல் கிடத்திய கல் ஒன்று. ஏறத்தாழத் தோளுயரத்தில் அமைந்தமையால், தலைச்சுமையாளர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் இயன்றது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நிறுவும் வழக்கமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மடம், கேணி, ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி ஆகியன ஒரே தொகுதியாக அமைந்த இடங்கள் உண்டு. மனிதரும் மாடும் சுமையும் ஒருங்கே இளைப்பாறுவதற்கான ஏற்பாடு அது.

இத்தகைய அமைப்புக்கு உகந்த மூலப்பொருள் பெங்களூரின் காலடியிலேயே கிடக்கிறது. இவ்வட்டாரக் கல்லுடைப்போர் பாறையின்மேல் விறகுத் தீயை மெல்ல நகர்த்தி, அதன் மேலடுக்கைப் பலகையாகப் பெயர்த்தனர். எட்டு மணிநேரத் தீயால் ஏறத்தாழ 740 சதுர அடிப் பலகை ஒன்று விடுபட்டதை வார்த் என்பார் 1895இல் ‘நேச்சர்’ இதழில் பதிவுசெய்துள்ளார். சப்படிக்கல் எனப்படும் இப்பலகைகளே வேலியாகவும் கூரையாகவும் சாக்கடை மூடியாகவும் இருக்கையாகவும் பயன்பட்டன. ஓரிடத்தில் தேவை தீர்ந்தால் பெயர்த்து வேறிடத்தில் பதிக்கலாம். நீடித்த பயன்பாடு என்று நாம் இன்று பேசுவது இதைத்தான்.

எனினும் இவ்வரலாற்றைப் பொற்காலமாகக் கொள்ள இயலாது. திண்ணையில் யார் அமரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. இன்றைய நகரங்களில் அதே வேலையை வடிவமைப்பு வேறு முறையில் செய்கிறது. இருக்கையின் நடுவே ஒரு கைப்பிடியைப் பொருத்தினால் போதும். வீடற்றவர் அங்குப் படுக்க இயலாது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் நடைபாதையில் தொழில் செய்வோரின் இருப்பை ஏற்றது. ஆனால் கூடை சுமந்து வருபவர் அதை இறக்கி வைப்பதற்கான உயரத்தை எந்த இருக்கை வரைபடத்திலும் நான் இதுவரை கண்டதில்லை.

2011இல் மெட்ரோ வந்தபின் அல்சூரின் பழைய மதராஸ் சாலையில் நடப்போரும் காத்திருப்போரும் உள்ளனர். அவர்களுக்கென இருக்கை வரைவோர் மூன்று வினாக்களை முதலில் எழுப்ப வேண்டும். இதன் உயரம் யாருடைய உடலுக்கானது? உடைந்தால் உள்ளூர்த் தொழிலாளரே சீர்செய்ய இயலுமா? அமர்ந்தவரை எழுப்பும் அதிகாரம் யாரிடம் உள்ளது? முதல் இரண்டுக்கும் சுமைதாங்கி விடை தந்துவிட்டது. மூன்றாவதற்குத் திண்ணை தந்த விடை நமக்குப் போதாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

அல்சூர் வீடுகளின் பழைய திண்ணைப் படங்கள் வைத்திருக்கும் மாணவர்கள் பகிர்ந்தால் இவ்வாய்வுக்குப் பெரிதும் உதவும்.