இரத்தத்தைத் தொடாத தண்ணீர்

இதய அறுவை சிகிச்சை நடக்கும் தியேட்டரில் எல்லார் கண்ணும் மேசைமேல்தான் இருக்கும். சற்றுத் தள்ளி, இடுப்பளவு உயரத்தில், சக்கரம் வைத்த பெட்டி ஒன்று உறுமிக்கொண்டு நிற்பதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அதற்கு ஹீட்டர்-கூலர் என்று பெயர். தொட்டியில் உள்ள தண்ணீரைச் சூடாக்கும் அல்லது குளிரவைக்கும். குழாய் வழியாக ஹார்ட்-லங் மெஷினுக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. இதயத்தை நிறுத்தி வால்வு மாற்றும் நேரத்தில் நோயாளியின் இரத்தம் அந்த மெஷின் வழியாகத்தான் ஓடுகிறது. உடம்பைக் குளிர்வித்தால் உறுப்புகளுக்கு ஆக்சிஜன் தேவை குறையும். வேலை முடிந்ததும் பழையபடி சூடேற்ற வேண்டும். இரத்தம் ஒரு பக்கம் ஓட, தண்ணீர் மறுபக்கம் ஓடும். நடுவில் வெப்பத்தை மட்டும் கடத்துகிற மெல்லிய சுவர். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

தொடாத தண்ணீரில் என்ன இருந்தால் என்ன? பல வருடங்களாக உலகம் முழுக்க இந்த நம்பிக்கையில்தான் அறுவை சிகிச்சைகள் நடந்தன. அந்த நம்பிக்கைக்குள் குடிபுகுந்து நாடு நாடாகப் பயணம் போன ஒரு கிருமி, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிடிபட்டது.

அதன் பெயர் மைக்கோபாக்டீரியம் கைமீரா. காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் ஆளுக்கு ஆள் தொற்றும் வழக்கம் அதற்கு இல்லை. மண்ணிலும் தண்ணீரிலும் யார் வம்புக்கும் போகாமல் கிடப்பது. 2004-இல்தான் என்ரிக்கோ டோர்டோலி என்ற இத்தாலிய நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவினரும் இதைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார்கள். அதன் பிறகும் பல பரிசோதனைக் கூடங்களின் கிட்கள் இதை இன்னொரு இனத்தின் பெயரில்தான் அடையாளம் சொல்லிவந்தன. மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

இதன் உடம்பைச் சுற்றி மெழுகுத்தன்மை கொண்ட உறை உண்டு. கதை முழுவதும் அந்த உறையால்தான் நகர்கிறது. குளோரின் அதை எளிதில் ஒன்றும் செய்யாது. குழாயின் உட்சுவரில் கொழகொழப்பான படலம் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். மெழுகு தண்ணீரோடு ஒட்டாது என்பதால், தொட்டியில் குமிழி எழும்போது கிருமி அந்தக் குமிழியின் தோலில் ஏறிக்கொள்ளும். மேலே வந்து குமிழி உடையும். கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் தெறிக்கும். கிருமியும் கூடவே கிளம்பிவிடும். இன்னொரு குணம் நிதானம். சாதாரணக் குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இதற்கு மணிக்கணக்கு ஆகும். ஆய்வுக்கூடத்தில் கல்ச்சர் வளர வாரங்கள் பிடிக்கும். வழக்கமான இரத்தக் கல்ச்சரை ஐந்து நாள் பார்த்துவிட்டு ‘வளர்ச்சி இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். அதற்குள் இது சோம்பல்கூட முறித்திருக்காது.

சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இதய வைத்தியத்தில் பெரிய பாரம்பரியம் உண்டு. 1958-இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் பேஸ்மேக்கரை உடலுக்குள் பொருத்திய ஓக்கெ சென்னிங், 1961-இல் இங்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார். சுவிட்சர்லாந்தின் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை 1969-இல் அவர் கையால் நடந்தது. அடைபட்ட இதயக் குழாயைப் பலூன் விட்டு விரிக்கும் முறையை 1977 செப்டம்பரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குச் செய்ததும் இதே இடத்தில்தான். இன்று நம் ஊரில் தெருவுக்கு ஒரு ஆள் ‘ஆஞ்சியோ பண்ணி பலூன் வச்சாங்க’ என்று சொல்கிற சங்கதி அங்கிருந்து கிளம்பியது. இதயத்துக்குள் அந்நியப் பொருள் ஒன்றை வைத்துவிட்டு மனிதனை நடமாடவிடும் வித்தையில் ஊறிய மருத்துவமனை அது.

அந்நியப் பொருளுக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. பேஸ்மேக்கர், அதன் ஒயர், செயற்கை வால்வு, செயற்கைத் தமனி எதுவானாலும், உடம்பின் காவல் சரியாக எட்டாத ஒரு பரப்பு அது. கிருமி அங்கே ஒட்டிவிட்டால் மருந்து மட்டும் கொடுத்து விரட்டுவது கஷ்டம். பெரும்பாலும் கருவியையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். வழக்கமான குற்றவாளி நம் தோலிலேயே வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ். அதற்கு எதிராகப் பேஸ்மேக்கர் போன்ற கருவிகளை ஆன்டிபயாட்டிக் தோய்த்த வலை உறையில் போட்டு வைக்கும் முறையை 25 நாடுகளில் 6,983 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019-இல் முடிவு வந்தது: ஓராண்டுக்குள் பெரிய தொற்று 1.2 சதவீதத்திலிருந்து 0.7 ஆகக் குறைந்திருந்தது. எதிரி யார், எந்த வழியாக வருவான் என்று தெரிந்தால் இப்படி வேலி போடலாம். சூரிச்சில் எதிரியும் தெரியவில்லை, வழியும் தெரியவில்லை.

2012-இல் அங்கே இரண்டு நோயாளிகள். இருவரும் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அறுவையின்போது கிருமி புகுந்தால் சில நாட்களில், மிஞ்சினால் சில மாதங்களில் காய்ச்சல் வரவேண்டும். இவர்களுக்கு அப்படி இல்லை. தையல் ஆறி, தழும்பு வெளுத்து, வேலைக்குத் திரும்பிய பிறகு களைப்பு, மெலிவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல். இருவரிடமும் கைமீரா கிடைத்தது. அதுவரை நுரையீரல் நோயாளிகளிடம் மட்டும் தென்பட்ட கிருமி செயற்கை வால்வில் என்ன செய்கிறது? இவோன் ஆஹர்மானும் சக மருத்துவர்களும் 2013-இல் இந்த இருவரைப் பற்றி எழுதினார்கள். தற்செயல் என்று கோப்பை மூடியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அவர்கள் மூடாமல் விட்டதுதான்.

மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கு அப்போது தலைவர் ஹ்யூகோ சாக்ஸ். நம் ஊர் அரசு மருத்துவமனைச் சுவர்களில்கூட ஒட்டியிருக்கும் ‘கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்கள்’ சுவரொட்டியை நினைவிருக்கிறதா? உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட அந்தக் கருத்தை 2007-இல் கட்டுரையாக வெளியிட்ட குழுவின் முதல் பெயர் இவருடையது. கையைப் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுத்தவருக்கு, எந்தக் கையும் காரணமாக இல்லாத ஒரு தொற்று வந்து வாய்த்தது.

தேடல் இரண்டு திசைகளில் போனது. ஒன்று பின்னோக்கி: மருத்துவமனையில் சேமித்து வைத்திருந்த பழைய திசு மாதிரிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் ஆறு பேரானார்கள். எல்லாரும் ஆண்கள், 49 முதல் 64 வயது. அறுவை முடிந்து ஒன்றரை ஆண்டு முதல் மூன்றரை ஆண்டுக்கும் சற்று மேல்வரை கழிந்த பிறகே நோய் வெளியே தெரிந்திருக்கிறது. இன்னொன்று தண்ணீரை நோக்கி: தியேட்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு, வார்டு என்று தண்ணீர் வரும் இடமெல்லாம் மாதிரி எடுத்தார்கள். ஹீட்டர்-கூலர் தொட்டிகளில் கைமீரா வளர்ந்தது. சரி, தொட்டியில் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர்தான் இரத்தத்தைத் தொடுவதில்லையே?

அங்கேதான் அவர்கள் காற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். கருவி ஓடும்போது எடுத்த தியேட்டர் காற்றில் கிருமி இருந்தது. காற்றில் கிடைத்ததும், தொட்டியில் கிடைத்ததும், சில நோயாளிகளின் உடம்பில் கிடைத்ததும் மரபணுச் சோதனையில் ஒரே அச்சு. 2015-இல் சாக்ஸ் குழுவின் கட்டுரை வெளிவந்தது.

அறுவை நிபுணர்களுக்கு இதை நம்புவது எளிதாக இருந்திருக்காது. இதய அறுவை தியேட்டரின் கூரையிலிருந்து வடிகட்டிய தூய காற்று மேசையை நோக்கி ஒரே சீராக இறங்கிக்கொண்டே இருக்கும். வெளிக்காற்று திறந்த நெஞ்சருகே வராமல் தள்ளுவதற்கான ஏற்பாடு அது. சூரிச்காரர்கள் புகையை விட்டு, வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். ஹீட்டர்-கூலருக்குள் சூட்டைத் தணிக்க ஒரு விசிறி உண்டு. அது வெளியே தள்ளும் காற்று மேலெழுந்து, கூரையிலிருந்து இறங்கும் தூய காற்றிலேயே கலந்து, மேசைக்கு இறங்கியது. ஐந்து மீட்டர் தள்ளி வைத்த தட்டுகளில்கூடக் கிருமி வளர்ந்தது. ராமி சோமர்ஷ்டைன் முதல் ஆசிரியராக 2016-இல் வந்த கட்டுரை இதைச் சொல்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. நோயாளியைக் காப்பாற்ற நிற்கும் கருவி கிருமியைக் கிளப்பிவிட, அவரைக் காக்க இறங்கும் காற்று அதைக் கொண்டுபோய்ப் புத்தம்புது வால்வின்மேல் வைத்திருக்கிறது.

தொட்டியைக் கழுவினால் போதுமே என்று தோன்றும். கழுவினார்கள். கடுமையான முறையில், அடிக்கடி, கிருமிநாசினி போட்டுக் கழுவினார்கள். கிருமி திரும்ப வந்தது. உட்குழாய்ப் படலத்தில் பதுங்கியதை வெளியேற்ற வழியில்லை என்று ஒப்புக்கொண்டு, கருவியையே ஒரு கூண்டுக்குள் அடைத்து, அதன் காற்று தியேட்டரின் வெளியேற்றுக் குழாய்வழி போகும்படி மாற்றினார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையில் கருவியை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். சுவரைக் கடந்து தண்ணீர்க்குழாய் மட்டும் உள்ளே வரும்.

சுவிஸ் கூட்டாட்சிப் பொதுச் சுகாதார அலுவலகம் 2014-இல் நாடளாவிய விசாரணையைத் தொடங்கியது. 2015 ஏப்ரலில் ஐரோப்பிய நோய்த் தடுப்பு மையம் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று நோயாளிகள் தென்படத் தொடங்கினார்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராத இவர்களுக்கு ஒரே கிருமி எப்படி? சூரிச் தொட்டியில் சூரிச் தண்ணீர் கிருமியும், அமெரிக்காவின் பென்சில்வேனியா தொட்டியில் பென்சில்வேனியா கிருமியும் அல்லவா இருக்க வேண்டும்?

பயணம் தொடங்கிய இடம் எந்த மருத்துவமனையும் அல்ல. சந்தேகத்துக்குள்ளான கருவிகளில் பெரும்பாலானவை சோரின் நிறுவனத்தின் ஸ்டோக்கர்ட் வகை. மியூனிக் நகரில் தயாரானவை. (அந்த நிறுவனம் 2015-இல் இன்னொன்றோடு இணைந்து லிவாநோவா ஆனது.) ஜெர்மன் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, பயன்படுத்திய கருவிகளில் மட்டுமல்ல, புதிய கருவிகளிலும், தயாரிப்பு இடத்துச் சூழலிலும் கைமீரா இருந்தது. அடுத்த ஆண்டு யாக்கோ வான் இங்கன் உள்ளிட்ட பன்னாட்டுக் குழு 250 கிருமி மாதிரிகளின் முழு மரபணுவையும் படித்து ஒரு குடும்ப மரம் வரைந்தது. இதய அறுவை நோயாளிகளிடம் எடுத்தவை, ஒன்றைத் தவிர, ஒரே கிளையில் வந்து உட்கார்ந்தன. அமெரிக்க நோயாளிகளின் கிருமி, அந்த நிறுவனக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் கிருமி, தயாரிப்பு இடத்தில் எடுத்த ஒன்று ஆகியவையும் அதே கிளை. மற்ற நிறுவனக் கருவிகளிலும், இந்த அறுவையோடு தொடர்பில்லாத நோயாளிகளிடமும் கிடைத்தவை வேறு வேறு கிளைகளில் சிதறிக் கிடந்தன. ஆக, கிருமி பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே லாரியும் கப்பலும் ஏறி ஊர்ஊராகப் போயிருக்கிறது.

2014 செப்டம்பரில் தயாரிப்பு வரிசையில் கிருமி நீக்கும் நடைமுறை சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய கருவிகளை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள் என்று அமெரிக்க அரசு பின்னர் மருத்துவமனைகளுக்குச் சொன்னது. 2016-இல் சொன்ன கணக்குப்படி அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 2,50,000-க்கும் மேற்பட்ட அறுவைகளில் ஹீட்டர்-கூலர் பயன்பட்டது. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் இந்த வகையாக இருந்தது. ஏற்கெனவே ஒருவருக்காவது தொற்று கண்ட மருத்துவமனையில், வால்வு போன்ற பொருள் பொருத்திக்கொண்ட நோயாளிக்கு ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் ஆயிரத்தில் ஒன்றுக்கும் இடையில் என்று அங்கே கணக்கிட்டார்கள். 2019-இல் லிவாநோவா அமெரிக்க வழக்குகளைத் தீர்க்க 22.5 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. நோய் கண்டவர்களில் பாதிக்கு அருகில் இறந்தார்கள் என்ற உண்மைக்குப் பக்கத்தில் வைத்தால் எந்தத் தொகையும் சின்னதுதான்.

உடம்புக்குள் வந்தபின்னும் கிருமியின் பயணம் நிற்பதில்லை. வால்விலிருந்து இரத்தத்தில் மிதந்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம் என்று போகும். கண்ணுக்கும் போகும். விழித்திரைக்குப் பின்னால் வெளிர்மஞ்சள் புள்ளிகளாகத் தெரிவதைச் சூரிச் கண் மருத்துவர்கள் 2017-இல் விவரித்தார்கள். புள்ளி குறைவாக இருந்தவர்கள் தேறினார்கள். கண் முழுக்கப் பரவியவர்கள் பிழைக்கவில்லை. கல்ச்சர் வளரக் காத்திருக்கும் வாரங்களில், கண்ணின் பின்பகுதியைக் கருவி வைத்துப் பார்ப்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்துக் கிருமிகள் அந்நியமல்ல. 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று கண்டது. அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று, அந்த வட்டாரத்து மக்கள் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள இத்தகைய மைக்கோபாக்டீரியங்களோடு பிறந்தது முதலே பழகியிருந்தார்கள் என்பது.

நம் ஊரில் ஒருவர் மெலிந்து, இரவில் வியர்த்து, சாயங்காலக் காய்ச்சலோடு வந்து, திசுவில் அமிலத்தில் கழுவினாலும் சாயம் விடாத கிருமியும் தெரிந்தால் டாக்டர் காசநோய் என்றுதான் எழுதுவார். பெரும்பாலான நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காசநோய்க்கான நான்கு முதல்நிலை மருந்துகளில் ஐசோனியாசிட்டும் பைரசினமைடும் கைமீராவிடம் எடுபடாது. கைமீரா சிகிச்சைக்கு முதுகெலும்பான கிளாரித்ரோமைசின் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதோடு ரிஃபாபுட்டின், எத்தாம்பியூட்டால், அமிக்காசின் சேர்த்து ஓராண்டுக்கு மேல் போகும் சிகிச்சை இது. பெரும்பாலும் வால்வையும் மறுபடி மாற்ற வேண்டும். அரசு மருத்துவமனைகளிலேயே இன்று சிபிநாட் என்ற மரபணுச் சோதனை இருக்கிறது; அது காசநோய்க் கிருமியை மட்டும்தான் கண்டுபிடிக்கும். சாயச் சோதனையில் கிருமி தெரிந்து, சிபிநாட்டில் இல்லை என்று வந்தால், சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சின் நடுவே தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எந்த வருடம் என்று கேட்டு, கல்ச்சரை எட்டு வாரம்வரை மூடாமல் வைக்கச் சொல்லி ஆய்வுக்கூடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும்.