உடைமையும் எதிர்பார்ப்பும்: போலி மருந்தின் வலித்தணிப்பு குறித்து

தனக்கென்று ஆகிவிட்ட பொருளை மனிதர் கூடுதலாக மதிப்பர் என்பதை டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 1990இல் காப்பிக் குவளைகளைக் கொண்டு காட்டினர். குவளை பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, பெறாதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இந்த உடைமை உணர்வு போலி மருந்தின் வலித்தணிப்பையும் கூட்டும் என்று ஊகிப்பது எளிது. எவ்வழியில் கூட்டும் என்பதே வாதத்துக்குரியது. உடைமைக்கெனத் தனிப்பாதை ஒன்றைக் கற்பிக்கத் தேவையில்லை. மதிப்பை உயர்த்தி, அதன்மூலம் எதிர்பார்ப்பை உயர்த்தியே அது வலியை எட்டுகிறது என்பது என் நிலைப்பாடு.

மதிப்பிலிருந்து வலிக்குச் செல்லும் கண்ணிக்கு நேரடிச் சான்று உண்டு. வேபர், ஷிவ், கார்மன், ஏரியலி ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் தன்னார்வலர் 82 பேருக்கு மின் அதிர்ச்சி கொடுத்து, மருந்தே இல்லாத மாத்திரையைப் புதிய வலிநிவாரணி என்று தந்தனர். அதன் விலை இரண்டரை டாலர் என்று அறிந்தவர்களில் 85 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது; பத்து சென்ட் என்று அறிந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கே குறைந்தது. எவரும் காசு கொடுத்து அதை வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடைமையின்றி, மதிப்பின் அடையாளம் மட்டுமே இங்கு வேலை செய்திருக்கிறது. எதிர்பார்ப்பின் வலுவோ போலி மருந்தோடு நிற்பதில்லை. பிங்கெல் குழுவினரின் 2011ஆம் ஆண்டு ஆய்வில் ரெமிஃபென்டானில் என்ற வீரியமிக்க மருந்து ஒரே அளவில் செலுத்தப்பட்டபோதும், நல்ல எதிர்பார்ப்பு அதன் பயனை இருமடங்காக்கியது; மருந்து நிறுத்தப்பட்டுவிட்டது என்ற பொய்த் தகவல் அதை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கியது.

வலி குறையவில்லை, ஆய்வாளர் மனம் கோணாதபடி பதில்தான் மாறுகிறது என்பர் சிலர். புறக்கணிக்கத்தக்க ஐயமன்று இது. ஹ்ரோப்யார்ட்சனும் கெட்சேயும் 2001இல் 114 ஆய்வுகளைத் தொகுத்து, போலி மருந்துக்குப் பெரிதாகச் சொல்லத்தக்க பயன் இல்லை என்றே முடித்தனர். ஆனால் அவர்களும் வலியில் சிறு பயனை ஒப்புக்கொண்டனர். அதைவிட முக்கியமாக, 1978இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர் பல் பிடுங்கியவர்களிடம் நலாக்சோனைச் செலுத்தியபோது போலி மருந்தின் தணிப்பு குலைந்தது. உடலின் சொந்த ஓபியாய்டுகளைத் தடுப்பது நலாக்சோனின் வேலை. வெறும் உபசார பதிலை அது தடுக்கக் காரணமில்லை.

உடைமை இன்பமூட்டி மனத்தைத் திசைதிருப்புவதால்தான் வலி குறைகிறது என்பது இன்னொரு மறுப்பு. எனக்கு இதுவே கடினமானது. இரண்டையும் பிரித்தறிய, பயனற்றது என்று முன்பே நம்பவைக்கப்பட்ட களிம்பை ஒருவருக்குச் சொந்தமாக்கிப் பார்க்கலாம். திசைதிருப்பலே காரணமானால் அப்போதும் வலி தணிய வேண்டும். நான் வாதிடும் வழியே உண்மையானால், உயர்த்துவதற்கு எதிர்பார்ப்பே இல்லாத அந்தக் களிம்பு, சொந்தமானதாயினும் இரவலாயினும், வலியில் ஒரே விளைவைத்தான் தர வேண்டும்.