டெஸ்டோஸ்டெரோன் சிகிச்சை தொடங்கினால் இரத்தப் பரிசோதனை எப்போது?

போரில் காயப்பட்ட ஆண்களைப் பற்றி எழுதும்போது கை, கால், கண் என்று வெளியே தெரியும் காயங்களோடு நாங்கள் நின்றுவிடுகிறோம். ஷெல் துண்டுகளால் விதைகள் சேதமடைந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், தலைக்காயத்தால் கபச்சுரப்பி பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் குறையக்கூடும். நீண்டகாலம் மோர்பின் வகை வலிமருந்து எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். வெட்கத்தால் பலர் இதை வைத்தியரிடம் சொல்வதில்லை. சொல்லிச் சிகிச்சை தொடங்கியவர்களிலும் சிலர், ஊசி போட்டால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

தொடங்க முன்னர், இரண்டு வெவ்வேறு நாட்களில், காலையில் வெறும் வயிற்றோடு டெஸ்டோஸ்டெரோன் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு முறை குறைந்திருந்தால் மட்டும் போதாது. தொடங்கிய பின் 3 முதல் 6 மாதங்களுக்குள் மீண்டும் பரிசோதனை. எல்லாம் சீராக இருந்தால் அதன்பின் வருடம் ஒருமுறை.

ஆனால் எந்த நாளில் இரத்தம் கொடுப்பது என்பதில்தான் குழப்பம். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு அறிக்கைகளைக் காட்டி, எது சரி என்று கேட்டார். ஒன்று ஊசி போட்டு மூன்றாம் நாள் எடுத்தது, மற்றது அடுத்த ஊசிக்கு முதல்நாள் எடுத்தது. இரண்டுமே சரிதான், ஊசிக்குப் பின் அளவு ஏறி, பிறகு மெல்ல இறங்கும். ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை போடும் எனந்தேற் போன்ற ஊசியென்றால் இரண்டு ஊசிகளுக்கு நடுநாளில் எடுக்க வேண்டும். 10 முதல் 14 வாரங்களுக்கு ஒருமுறை போடும் அன்டெக்கனோவேற் ஊசியென்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்னர். பூசும் ஜெல் என்றால் பூசி 2 முதல் 8 மணித்தியாலங்களுக்குள். கடைசி ஊசி போட்ட திகதியை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அலகையும் பாருங்கள்: ஒரு ஆய்வுகூடத்தின் 15 நனோமோலும் இன்னொன்றின் 432 நனோகிராமும் ஒரே அளவுதான்.

என்னைக் கேட்டால், தவறவிடவே கூடாதது ஹீமட்டோகிரிட். சாதாரண முழுக் குருதிப் பரிசோதனையிலேயே அது வந்துவிடும். டெஸ்டோஸ்டெரோன் செங்குருதிக்கலங்களைப் பெருக்கி இரத்தத்தைத் தடிப்பாக்கும். தொடங்க முன்னரும், 3 முதல் 6 மாதங்களிலும், பின்னர் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். 54 வீதத்தைத் தாண்டினால், அது இறங்கும்வரை மருந்தை வைத்தியர் நிறுத்திவைப்பார். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் நடமாட்டம் குறைந்தவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

புரொஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையை, 55 வயதைத் தாண்டியவர்கள் தொடங்க முன்னரும் முதல் வருடத்துக்குள்ளும் செய்வது பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும். குடும்பத்தில் புரொஸ்டேட் புற்றுநோய் இருந்தால் 40 வயதிலிருந்தே. சிறுநீர்க்குழாய் பாவிப்பவர்களுக்கு அடிக்கடி தொற்று வரும். தொற்று இருக்கும்போது எடுத்தால் பி.எஸ்.ஏ. பொய்யாக உயர்ந்து காட்டும். குணமாகி ஆறு வாரமாவது போகட்டும்.

பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டெரோன், விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், சிலருக்கு முற்றாக நிறுத்தும். கபச்சுரப்பி பாதிப்பு என்றால் அதற்கு வேறு ஊசிகள் இருக்கின்றன. ஏற்கெனவே தொடங்கியவர்கள் தாமாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேளுங்கள். நிறுத்தினாலும் விந்தணுக்கள் திரும்ப மாதக்கணக்கில் எடுக்கும்.