நட்டத்தில் பிறந்த லாபம்

சிட்னியில் சனிக்கிழமை என்றால் வீட்டு ஏலம். விலைக்கு வந்த வீட்டின் வாசலிலேயே, புல்தரையிலும் நடைபாதையிலுமாகக் கூட்டம் நிற்கும். ஏலம் கேட்பவர்கள் முன்கூட்டியே அடையாளச் சான்றைக் காட்டிப் பெயர் பதிந்து, எண் எழுதிய அட்டையை வாங்கி வைத்திருப்பார்கள். 2025-இல் அப்படிக் கூடிய ஒரு கூட்டத்தில் இரண்டு பேரை மட்டும் பார்ப்போம். முப்பதைத் தொட்ட ஒரு தம்பதி, இடுப்பில் குழந்தையோடு. வங்கி தருவதாகச் சொன்ன தொகைக்கு மேல் அவர்களால் ஓர் அடி நகர முடியாது. சற்றுத் தள்ளி, ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். குடியிருக்கும் வீட்டின் கடனை அவர் எப்போதோ அடைத்துவிட்டார். இந்த வீடு அவருக்கு வாடகைக்கு விடுவதற்கு.

இருவரும் கேட்பது ஒரே வீட்டை. ஆனால் அதற்காக வாங்கப்போகும் கடனின் பாரம் இருவருக்கும் ஒன்றல்ல. தம்பதி கட்டும் வட்டியில் ஒரு டாலரைக்கூட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பெரியவர் தன் வட்டி முழுவதையும் கழிக்கலாம். வரும் வாடகை வட்டிக்குக்கூடப் போதாமல் துண்டு விழுந்தால், அந்தத் துண்டைத் தன் மாதச் சம்பளத்திலிருந்தே கழித்துக் காட்டி, சம்பளத்துக்கான வரியையும் குறைத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டுக்கு ஆஸ்திரேலியாவில் நெகட்டிவ் கியரிங் என்று பெயர். அரை நூற்றாண்டுக்கு முன்பு கணக்கர்கள் மட்டுமே அறிந்திருந்த இந்தச் சொல், பிறகு இரண்டு தலைமுறைகள் முகம் கொடுத்துப் பேச முடியாத அளவுக்கு அங்கே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அது எப்படி வந்தது என்பதே இந்தக் கதை.

கடன் வாங்கி முதலீடு செய்வதைக் கணக்கர்கள் கியரிங் என்பார்கள். வண்டியின் கியர் சிறு விசையைப் பெரிய இழுவையாக மாற்றுவதுபோல, கையில் இருக்கும் சிறு தொகையைக் கடன் பெரிதாக்கிவிடும். அப்படிக் கடனில் வாங்கிய சொத்து, தரும் வருமானத்தைவிட அதிகச் செலவு வைத்தால் அது ‘நெகட்டிவ்’. ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 7 லட்சம் டாலர் கடன், 6 சதவீத வட்டி. ஆண்டுக்கு 42,000. நகராட்சி வரி, காப்பீடு, ஏஜெண்டுக்குக் கமிஷன், பழுது பார்க்கும் செலவு எல்லாம் சேர்த்து இன்னொரு 6,600. வாடகை வாரத்துக்கு 550 வீதம் ஆண்டுக்கு 28,600. ஆக, 20,000 டாலர் நட்டம். அவருடைய சம்பளம் 1,20,000 என்றால், வரித்துறைக்கு அவர் 1,00,000 மட்டுமே சம்பாதித்தவர். 30 சதவீத வரியும் மருத்துவ வரி 2 சதவீதமும் சேர்ந்து அவருக்கு 6,400 டாலர் மிச்சம். மீதி 13,600-ஐக் கைக்காசிலிருந்து போட வேண்டும்.

வருடா வருடம் கைக்காசைப் போட்டு யாராவது நட்டப்படுவார்களா? வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பினால் படுவார்கள். அந்த நம்பிக்கையின் கதையும் இதோடு பின்னிக்கிடக்கிறது.

இந்த விதிக்குப் பிறந்த நாள் கிடையாது. யாரும் உட்கார்ந்து யோசித்து இதை உருவாக்கவில்லை. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசு வருமான வரி போடத் தொடங்கியது 1915-இல், முதல் உலகப் போருக்குப் பணம் திரட்டுவதற்காக. 1936-இல் வந்த வருமான வரிச் சட்டம் ஒரு நியாயமான அடிப்படையின் மேல் நின்றது. வருமானம் ஈட்டுவதற்காகச் செய்த செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஒரு வழியில் வந்த நட்டத்தை இன்னொரு வழியில் வந்த வருமானத்தோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம். மழை பொய்த்த விவசாயிக்கும் கடை நொடித்த வியாபாரிக்கும் பொருந்தும் நியாயம் அது. வாடகைக்கு வீடு விடுபவருக்கு இது கூடாது என்று அதில் எழுதவில்லை, அவ்வளவுதான். வேலியில் விட்டுப்போன ஒரு சந்து என்றுதான் எனக்கு அதைச் சொல்லத் தோன்றுகிறது.

பல்லாண்டு காலம் அந்தச் சந்தால் பெரிய தொந்தரவு இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆஸ்திரேலியாவில் வீடு என்பது குடியிருக்கத்தான். 1942-இல் ராபர்ட் மென்சீஸ் வானொலியில் பேசிய புகழ்பெற்ற உரை, சொந்த வீட்டை நடுத்தர வர்க்கத்தின் உயிர்நாடியாகவே வைத்தது. பிறகு அவர் மீண்டும் பிரதமராகி நீண்ட காலம் ஆண்டார். படைவீரர்களுக்கு அரசு வீட்டுக்கடன் கொடுத்தது. மாநில அரசுகள் கட்டிய வாடகை வீடுகள் பலவற்றைக் குடியிருந்தவர்களே வாங்கிக்கொள்ள வழி திறந்தது. 1964-இல், இளம் தம்பதியர் வீட்டுக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு 3 பவுண்டுக்கும் அரசு 1 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது, உச்சவரம்பு 250 பவுண்டு. 1947 கணக்கெடுப்பில் சொந்த வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் பாதிக்குச் சற்று மேல். 1966-இல் 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுக்குள் ஒரு நாடு இப்படி மாறியது சாதாரணச் செய்தியல்ல. அந்தத் தலைமுறை மாடாய் உழைத்தது உண்மை. அவர்கள் கால் வைத்த ஏணியை அரசு பிடித்துக்கொண்டிருந்ததும் அதே அளவு உண்மை. பின்னாளில் வந்த சண்டைகளில் முதலாவது மட்டுமே நினைவுகூரப்படுகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

1980-களின் தொடக்கத்தில் சந்து கண்ணில் படத் தொடங்கியது. உச்ச வரி விகிதம் 60 சதவீதம். மூலதன ஆதாயத்துக்கு, அதாவது சொத்தை வாங்கி வைத்திருந்து விற்றால் வரும் லாபத்துக்கு, பெரும்பாலும் வரியே இல்லை. சம்பளத்தில் வரியை மிச்சப்படுத்தி, விற்கும்போது வரியில்லா லாபம் எடுக்கலாம் என்பதை வசதியானவர்கள் கண்டுகொண்டார்கள்.

1985 ஜூலை தொடக்கத்தில் கான்பராவில் தேசிய வரி மாநாடு கூடியது. பிரதமர் ஹாக் அரசின் நிதியமைச்சர் பால் கீட்டிங் வரி முறையையே புரட்டிப்போட முனைந்திருந்தார். அந்த மாதம் 17-ஆம் தேதிக்குப் பிறகு வாங்கும் வாடகைச் சொத்துகளுக்குச் சந்து அடைக்கப்பட்டது. நட்டத்தை இனிச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பின்னால் வரும் வாடகை வருமானத்தில் கழிக்க எடுத்து வைத்துக்கொள்ளலாம். முன்பே வாங்கியவர்களுக்குப் பழைய விதிதான். அதே செப்டம்பரில் மூலதன ஆதாய வரியும் வந்தது. குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு அதில் முழு விலக்கு.

அடைக்கும்போதுதான் சந்துக்கு ஊரறிந்த பெயர் வந்தது. அதுவரை கணக்கர்களின் மேசையில் கிடந்த நெகட்டிவ் கியரிங் என்ற சொல் பத்திரிகைக்கும் வானொலிக்கும் வந்து சேர்ந்தது. என் கணக்கில் அதன் பிறந்த நாள் இதுதான்: ஒழிக்கப்பட்ட நாள்.

இரண்டு ஆண்டுதான். வாடகை ஏறிவிட்டது, முதலீட்டாளர்கள் ஓடிவிட்டார்கள், ஏழை வாடகைக்காரன் தெருவில் நிற்கிறான் என்று வீட்டுத் தொழில்துறை குரல் எழுப்பியது. சிட்னியில் வாடகை ஏறியது உண்மை. பெர்த்திலும் ஏறியது. ஆனால் மெல்போர்ன், பிரிஸ்பேன், அடிலெய்டு? அங்கே அப்படியொரு பாய்ச்சல் இல்லை. ஒரே வரிச்சட்டம் நாடு முழுக்க ஆளும்போது இரண்டு ஊரில் மட்டும் வாடகை ஏறினால், காரணத்தை அந்த ஊர்களில்தான் தேட வேண்டும். இரண்டிலும் காலி வீடு கிடைப்பதே அரிதாக இருந்தது என்பதைப் பொருளியலாளர் சால் எஸ்லேக் போன்றவர்கள் பல முறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வட்டியும் அப்போது உயரத்தில். பங்குச் சந்தையோ கொதித்துக்கொண்டிருந்தது, முதலீடு அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்த நிதானமான பேச்சுக்கு அன்று காது கொடுக்க ஆளில்லை. 1987 செப்டம்பரில் அதே ஹாக் அரசு, அதே கீட்டிங், பழைய விதியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

‘தொட்டுப் பார்த்தோம், வாடகை வெடித்தது’ என்ற பாதி உண்மை அன்றிலிருந்து அரசியலில் பழமொழியாக நிலைத்தது. மறுபடியும் அந்தச் சந்தினை அடைக்கலாமா என்று யார் வாய் திறந்தாலும் பழமொழி முன்னால் வந்து நின்றது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் விதியைத் திருத்திவிடலாம். மக்கள் மனதில் கதையாக ஏறிய விதியைத் திருத்துவது பெரும்பாடு.

ஆனாலும் 1987-இல் உயிர்த்தெழுந்த விதி மட்டும் தனியே இருந்திருந்தால் இன்றைய அளவுக்கு வந்திருக்காது. அதற்கு ஒரு துணை கிடைத்தது 1999-இல். அப்போதைய பிரதமர் ஹாவர்டின் அரசு ஜான் ரால்ஃப் தலைமையில் வணிக வரிகளை ஆராயக் குழு அமைத்திருந்தது. அதன் பரிந்துரையை ஒட்டி, நிதியமைச்சர் பீட்டர் காஸ்டெல்லோ மூலதன ஆதாய வரியை மாற்றினார். அதுவரை பணவீக்கத்தைக் கழித்துவிட்டு மீதி லாபத்துக்கு வரி. 1999 செப்டம்பர் 21 முதல் கணக்கு எளிதானது: சொத்தை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபத்தில் பாதிக்கு வரியே இல்லை. பங்குகளிலும் புதிய தொழில்களிலும் மக்கள் முதலீடு செய்ய வேண்டும் என்பதே சொல்லப்பட்ட நோக்கம். மக்கள் வீட்டின் பக்கம் போனார்கள்.

நாம் போட்ட கணக்குக்கே திரும்புவோம். ஆண்டுக்கு 20,000 நட்டம். அது முழுவதும் சம்பளத்தில் கழிகிறது. பத்து ஆண்டு கழித்து வீட்டை 4 லட்சம் லாபத்துக்கு விற்றால், இந்த விதிப்படி வரிக்கு வருவது 2 லட்சம் மட்டும். நட்டம் முழுதாகக் கணக்கில் ஏறுகிறது, லாபம் பாதியாக ஏறுகிறது. இந்தச் சமனற்ற தராசுதான் நட்டத்தையே ஒரு முதலீட்டு வழியாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில், நாட்டில் வாடகைக்கு வீடு விட்டிருந்த அத்தனை பேரின் கணக்கையும் ஒன்றாகக் கூட்டினால் நிகர வாடகை நட்டத்தில் இருந்தது. வாடகைக்கு விடுவது தொழில் என்றால் அப்படி ஒரு தொழிலை யாரும் நடத்த மாட்டார்கள். விலையேற்றத்துக்குக் காத்திருப்பதுதான் அங்கே தொழிலாகியிருந்தது.

2000 ஜூலையில் முதல் வீடு வாங்குபவர்களுக்கு 7,000 டாலர் மானியம் வந்தது. கேட்க நன்றாக இருந்தது. ஏலத்தில் நிற்கும் எல்லா இளம் தம்பதியர் கையிலும் அதே 7,000 இருந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2015-இல் சிட்னியில் தனி வீட்டின் நடுத்தர விலை முதன்முதலாக 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

1971-இல் 30 முதல் 34 வயதுக்காரர்களில் 64 சதவீதத்தினர் சொந்த வீட்டில் இருந்தார்கள். 2021-இல் 50. இருபதுகளின் பிற்பாதியில் இருப்பவர்களிடையே 50 சதவீதம் 36 ஆயிற்று. இளையவர்கள் காப்பிக் கடையில் காசைக் கரைக்கிறார்கள், அதனால்தான் வீடு வாங்க முடியவில்லை என்று சொல்வோர் அங்கே உண்டு. ரொட்டியில் மசித்த அவகாடோவைப் பற்றி 2016-இல் ஒரு பத்தி பெரிய சண்டையையே கிளப்பியது. காலை உணவை விட்டுக்கொடுத்துச் சேர்க்கும் காசால் இந்த 14 புள்ளிச் சரிவு நேராகாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் பழியை அந்தப் பிள்ளைகள் பல பேர் நம்பவே தொடங்கிவிட்டார்கள்.

2016-லும் 2019-லும் தொழிலாளர் கட்சி பில் ஷார்ட்டன் தலைமையில் இந்தத் தராசைத் திருத்துவோம் என்று தேர்தலுக்குப் போனது. இனி வாங்குவதில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு மட்டும் நெகட்டிவ் கியரிங், ஆதாயத் தள்ளுபடி 50-இலிருந்து 25 சதவீதம். இரண்டிலும் தோற்றது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முதலீட்டு வீடு வைத்திருக்கும் நாட்டில், அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு வீடுதான் என்னும்போது, இது பணக்காரர் விவகாரமாக மட்டும் நின்றுவிடாது. ஆசிரியையும் காவலரும் செவிலியரும் அதில் இருக்கிறார்கள். ஓய்வுக்காலத்துக்கு என்று நம்பிச் செய்தவர்கள்.

இந்த விதியை எடுத்துவிட்டால் விலை சரிந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் தவறு. கிராட்டன் ஆய்வு நிறுவனம் 2016-இல் போட்ட மதிப்பீட்டின்படி, இரண்டு சலுகைகளையும் குறைத்தால் விலை சுமார் 2 சதவீதம் இறங்கும், அவ்வளவே. நகரத்தின் நல்ல இடங்களில் அடுக்குமாடிக்கு அனுமதி மறுக்கும் உள்ளாட்சி விதிகள், அரசே வீடு கட்டுவது சுருங்கிப்போனது, 1990-களுக்குப் பிறகு இறங்கிய வட்டி எல்லாம் விலையில் சேர்ந்திருக்கின்றன. 2024 ஜூலையிலிருந்து ஐந்து ஆண்டில் 12 லட்சம் வீடு கட்டுவதென்று அரசுகள் இலக்கு வைத்தது அதனால்தான். நெகட்டிவ் கியரிங் செய்த வேலை வேறு. சனிக்கிழமை ஏலத்தில் கடைசியாக யார் அட்டையைத் தூக்குவது என்பதை அது மாற்றியது.

இந்தக் கதை தமிழ்க் குடும்பங்களுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் சிட்னியின் மேற்கே, வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் வீடு வாங்கினார்கள். 1989-இல் வீட்டுக்கடன் வட்டி 17 சதவீதத்தைத் தொட்டபோது இரவு வேலையும் பார்த்துக் கட்டியவர்கள் அவர்களில் உண்டு. இன்று அவர்கள் பிள்ளைகள் ஏலத்துக்குப் போகிறார்கள், பெற்றோர் வீட்டைப் பிணையாக வைத்து. ‘பேங்க் ஆஃப் மம் அண்ட் டாட்’ என்று ஊரே சொல்லும் அந்த வங்கி இல்லாதவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். இந்தக் குடும்பங்களில் ஒன்றில், சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு இப்படித்தான் போகும் என்று நினைக்கிறேன்.

“நாங்கள் பதினேழு வீதம் வட்டி கட்டினனாங்கள், பிள்ளை.”

“தெரியும் அப்பா. எவ்வளவு காசுக்குப் பதினேழு வீதம்?”

அப்பா தொகையைச் சொல்கிறார். அது மகள் இப்போது சேர்க்க வேண்டிய முன்பணத்தைவிடக் குறைவு. இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

“டூங்காபியில நீங்கள் வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டில இருக்கிறதும் எங்களை மாதிரி ரெண்டு பேர்தானே?”

“ஓம்.”

“அவைக்கும் வீடு வாங்க விருப்பம் இருக்குமே, அப்பா.”

“அதை நான் உனக்காகத்தான் வாங்கினனான்” என்கிறார் அப்பா.